சட்டத்தரணிகளை விசாரிக்க வந்த கூட்டம்

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பதுளை நீதிமன்றப் படிகளில் ஏறத் தொடங்கியிருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, நான் வென்ற வழக்குகளைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். வென்ற வழக்கில் சொல்ல என்ன இருக்கிறது? அன்றைக்கு எல்லோரும் கை கொடுப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அதைவிட, ஒரே ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, தேயிலைத் தோட்டப் பக்கமான மடுல்சீமையிலிருந்து இரண்டு பஸ், மூன்று லொறி நிறைய ஆட்களைப் பதுளைக்கு இறக்கிய கதையைச் சொல்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாளும் இல்லை, அவ்வளவு வெட்கப்பட்ட நாளும் இல்லை. இரண்டும் ஒரே நாளில், பகல் சாப்பாட்டுக்கு முன்பே நடந்து முடிந்தன.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. சட்டத்தரணிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் விதிகளை மாற்றப் போகிறார்கள், அதற்கு முன் நாடெங்கும் போய்ப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பதுளைக்கும் வருவதாக ஏற்பாடு. சிங்கள அறிவித்தல் வந்துவிட்டது. ஆங்கில அறிவித்தல் வந்துவிட்டது. தமிழ் அறிவித்தல் வரவில்லை. உங்களுக்கு இதைக் கேட்டு ஆச்சரியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, என்னை ஆளாக்கிய சீனியர் என்னைக் கூப்பிட்டார். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் இஸ்திரி மடிப்புக் குலையாத வெள்ளைக் காற்சட்டை, இன்னும் அதே அதட்டல். "நீ கடைவீதிக்காரி. தமிழ் நன்றாக எழுதுவாய். இதைப் பெயர்த்துக் கொடுத்துவிடு" என்றார். என் அப்பா பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர். அதனால் எனக்குத் தமிழ் வரும் என்பது சீனியருடைய முடிவு. அவர் முடிவுகளுக்கு மேன்முறையீடு கிடையாது.

அன்று எனக்கு மூன்று நீதிமன்றங்களில் வழக்கு. சட்டத்தரணிகள் அறையில் ஒரு கையில் மீன் அடைத்த மாலு பணிஸ், மறு கையில் பேனா. அந்த நிலையில்தான் அந்தப் பெருமைமிக்க மொழிபெயர்ப்பு நடந்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது என்ற பொருளில் இருந்த ஆங்கிலச் சொற்களுக்கு என் வாயில் பழக்கமாக வந்தது 'பகிரங்க விசாரணை'. தினமும் நீதிமன்றத்தில் புழங்கும் சொல்லாயிற்றே! அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தலைப்பு நீளமாக இருக்கிறது, ஒரு வரியில் அடங்கவில்லை என்று 'விதிகள்' என்ற சொல்லையும் வெட்டிவிட்டேன். அச்சாகி வந்தது இதுதான்:

'சட்டத்தரணிகளின் நடத்தை பற்றிய பகிரங்க விசாரணை. பொதுமக்கள் அனைவரும் சமுகமளிக்கலாம்.'

இதை யாரோ ஒருவர் பசறை பஸ் தரிப்பிடத்தில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். படத்தோடு ஒரு குரல் பதிவு. அதைப் பிறகு நானே பல தடவை கேட்டேன். மடுல்சீமைப் பக்கத்து ஆள் ஒருவர், மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறார்: "எல்லாருக்கும் வணக்கங்க. பதுளையில இருக்கற லோயர்மார் எல்லாத்தையும் கூண்டுல ஏத்தி விசாரிக்கப் போறாங்களாம். கொழும்புலேர்ந்து பெரிய ஜட்ஜ்மார் வர்றாங்க. சாட்சி சொல்றவங்க சொல்லலாம், பாக்க மட்டும் வர்றவங்களும் வரலாம். சீக்கிரம் வந்தாத்தான் எடம் கெடைக்கும்."

கூட்டத்தன்று காலை எட்டரை மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். நாற்பது கதிரை போட்டிருந்தோம். எங்கள் எதிர்பார்ப்பு, பதினான்கு சட்டத்தரணிகள், நான்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் வந்து உட்காரும் ஒரு பெரியவர். அவ்வளவுதான்.

தெருமுனையில் திரும்பியதும் முதலில் பார்த்தது லொறி. லொறிக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தேர்த் திருவிழாவுக்கு வந்தது போல் பெண்கள் நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து வந்திருந்தார்கள். மண்டப வாசலில், தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது போல வரிசை. ஒருவர் கடலை வறுத்து விற்கத் தொடங்கிவிட்டார். பின்னால் வந்த வாகனங்கள் நகர முடியாமல் ஹோர்ன் அடித்தன. நடுவில் எங்கள் தேநீருக்குப் பொறுப்பான ஹோட்டல்கார நானா, தலையில் கை வைத்தபடி என்னிடம் ஓடி வந்தார்.

"மிஸ், நீங்க நாப்பது பேருக்குத்தானே பிளேன்டீ சொன்னீங்க? இங்க நானூறு பேர் நிக்கிறாங்களே! என்ன மிஸ் இது, யாரும் மந்திரி வர்றாரா?"

நான் பதில் சொல்வதற்குள் தொப்பி போட்ட ஒருவர் மரியாதையாக அருகில் வந்தார். "லோயரம்மா, கூண்டு எங்கங்க வச்சிருக்காங்க? உள்ளயா, வெளியவா?"

"என்ன கூண்டு?"

"அதாங்க, உங்கள எல்லாம் ஏத்தறது."

அவர் கையில் இருந்த தொலைபேசியில் என் அறிவித்தலைப் பார்த்தேன். ஆறு நாளாகத் தெரியாத தப்பு, அந்தச் சின்னத் திரையில் ஒரே நொடியில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

உள்ளே சீனியர் கொதித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி எங்கள் ஆட்கள். ஏற்கனவே இரண்டு பேர் பின்கதவால் நழுவிவிட்டார்கள். மூன்றாவது ஆள் நழுவப் போனபோது, தன் பழைய கட்சிக்காரர் ஒருவர் பின்கதவிலும் நிற்பதைக் கண்டு திரும்பி வந்துவிட்டார்.

"ரத்து செய்துவிடுவோம்" என்றார் சீனியர். "பாதையில் மண் சரிந்துவிட்டது, குழு வரவில்லை என்று சொல்லிவிடலாம்."

மண் சரிந்தது என்னவோ உண்மைதான். அந்த வாரம் பெய்த மழையில் ரயில் நின்று, குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் குழுவின் மூன்று பேரும் முதல்நாளே காரில் வந்து, அப்போது மேடைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேரே குழுத் தலைவரிடம் போனேன். ஓய்வுபெற்ற நீதிபதி. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். சொன்னதோடு, "தப்பு என்னுடையது" என்றும் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் வெளியே நிற்பவர்கள் நீங்கள் தண்டிக்கப்படுவதைப் பார்க்க வந்திருக்கிறார்களா?"

"ஆமாம், ஐயா."

"உண்மையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இருப்பவர்கள் இருக்கட்டும், போகிறவர்கள் போகட்டும். மொழிபெயர்ப்பும் நீங்களே செய்துவிடுங்கள்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தப்புச் செய்துவிட்டால் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பொய் பிறக்கிறது. அன்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அது என் நல்ல காலம். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"ஐயாமாரே, அம்மாமாரே, இந்த அறிவித்தலை எழுதியது நான். தப்பாக எழுதிவிட்டேன். இன்றைக்கு யாரையும் விசாரிக்கப் போவதில்லை. சட்டத்தரணிகள் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளை மாற்றப் போகிறார்கள். அதற்கு உங்கள் கருத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள்."

ஏமாற்றம் முகத்துக்கு முகம் பரவுவதைப் பார்த்தேன்.

"அப்ப ஒருத்தரக்கூட விசாரிக்க மாட்டாங்களா?" என்று நடுவிலிருந்து ஒரு குரல்.

"இல்லைங்க."

"சின்ன லோயர் ஒருத்தரயாவது?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன் ஒரு பெண் எழுந்தாள். "அவங்க விசாரிக்காட்டி என்னங்க? நம்மதான் வந்துட்டோம்ல. நம்ம கேப்போம், அவங்க எழுதிக்கட்டும்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். பெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஒரு நிபந்தனை மட்டும். எந்தச் சட்டத்தரணியின் பெயரையும் யாரும் சொல்லக்கூடாது. இது வழக்கு அல்ல."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் வந்த இளைஞர், தன் சட்டத்தரணி ஒருநாளும் தொலைபேசியை எடுப்பதில்லை, அது அடிக்கும்போது கேட்கும் பாட்டு முழுவதும் தனக்கு மனப்பாடம் என்று சொல்லி, ஆதாரமாக அதைப் பாடத் தொடங்கினார். தலைவர் கைகாட்டி நிறுத்தும்வரை இரண்டு அடிகள் பாடிவிட்டார். பின்வரிசையில் ஒரு சட்டத்தரணி அவசரமாகத் தன் தொலைபேசியை அணைத்தார்.

அடுத்து ஒரு முதியவர். "எங்க லோயரப் பத்தி ஒரு குறையும் இல்லைங்க. தங்கமான மனுசன். கேஸ் தோத்துப்போச்சு. ஆனா அத ஜெயிச்ச மாதிரியே சொன்னாருங்க. நாங்க லயத்து வீட்டுக்குப் போயி பட்டாசெல்லாம் வெடிச்சோம். பெறகு பொலிஸ் வந்து வீட்ட காலி பண்ணச் சொன்னப்பதான் விசயமே தெரிஞ்சுச்சு."

நான் இதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே குரல் உடைந்து சிரிப்பு வந்துவிட்டது. குழுவிலிருந்த பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பினால்தான். பிறகு அவர் குனிந்து நீண்ட நேரம் எழுதினார். எழுதும்போது சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு தலைகால் புரியாத மகிழ்ச்சி. என் தப்பினால் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. அவையும் என் குரலுக்கு ஏற்பச் சிரிக்கிறது. மற்றவர்களுடைய குறைகளைப் பெயர்ப்பது எவ்வளவு இனிமையான வேலை தெரியுமா?

அப்போதுதான் மருதாயி என்ற அம்மா மேடைக்கு வந்தார்.

அறுபது வயதிருக்கும். கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள். தோளில் ஒரு துணிப்பை. எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரரு உயிரோட இருக்கறப்ப, தோட்டத்துக்குப் பக்கத்துல கிராமத்து ஆளுங்ககிட்ட ஒரு துண்டு நெலம் வாங்கினாருங்க. அவரு போயிட்டாரு. பெறகு கோர்ட்டுலேர்ந்து கடுதாசி வந்துச்சு. ஒம்பது வருசமா வந்து போறேன். என்ன 'தஹஹத்வெனி வித்திகாரி'ன்னு கூப்புடுவாங்க. நான் எந்திரிச்சு நிப்பேன். கொஞ்ச நேரத்துல ஒக்காரச் சொல்லுவாங்க. லோயரம்மா வெளிய வந்து அடுத்த தவணை இன்ன தேதின்னு சொல்லிட்டு ஓடிருவாங்க."

தஹஹத்வெனி வித்திகாரி. சிங்களத்தில் பதினேழாம் பிரதிவாதி. ஒன்பது வருடம், மடுல்சீமை, இருபத்திரண்டு பங்காளிகள் உள்ள காணிப் பங்கு வழக்கு. அந்தக் கோப்பின் நிறம், மூலையில் இருந்த தேநீர்க் கறை, எல்லாம் எனக்குத் தெரியும். இந்த முகம்தான் சரியாகத் தெரியாமல் போயிருந்தது.

மருதாயி தொடர்ந்தார். "எங்க கொழுந்தனாரு கசிப்பு சாராயம் காய்ச்சி பிடிபட்டப்ப அவர வித்திகாரயான்னுதான் கூப்புட்டாங்க. அன்னைக்கே உள்ள தள்ளிட்டாங்க. அப்ப என்னையும் ஒருநாளைக்கு உள்ள தள்ளத்தானே போறாங்க? என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியலைங்க. கேக்கவும் பயம். அதனால ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத்துச் சேலை, ஒரு துவாய், ஒரு சவுக்காரக் கட்டி, மூணையும் பையில போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன். மகளக் கூப்புட்டு, அரிசி எங்க இருக்கு, ஆட்ட யாருகிட்ட விடணும், எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான் வருவேன். சாயந்தரம் திரும்பிப் போனா அவ ஓடியாந்து கட்டிப்பிடிச்சு அழுவா. ஒம்பது வருசமா இதுதாங்க நடக்குது."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"லோயரு பேரு சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன். நல்ல அம்மாதான்" என்று முடித்தார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் நான் பேசக் காத்திருந்தார்கள்.

தம்பிமாரே, தங்கைமாரே, இதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் சிங்களத்தில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "வழக்கு தாமதமாவதால் தமக்கு மிகுந்த மனக்கஷ்டம் ஏற்பட்டுள்ளதாக இந்த அம்மா கூறுகிறார்."

பொய்யில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை. நம் தொழிலில் கைதேர்ந்தவர்கள் பொய் சொல்வதே இல்லை. அளவைக் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

தலைவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அடுத்தவரை அழைக்கக் கையைத் தூக்கினார். மருதாயி இறங்கவில்லை.

"லோயரம்மா, நான் இவ்வளவு நேரம் பேசினேன். நீங்க இத்தனூண்டுல முடிச்சிட்டீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"எனக்கு சிங்களம் பெருசா தெரியாதுங்க. ஆனா 'வித்திகாரி'ங்கற சொல்ல ஒம்பது வருசமா கேக்கறேன். உங்க வாயில அது வரவே இல்லையே?"

முன்வரிசையில் இருந்த சீனியரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வழக்கும் தெரியும், ஏனென்றால் அதே வழக்கில் மூன்றாம் பிரதிவாதிக்கு ஆஜராவது அவர்தான். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். விட்டுவிடு, கடந்துபோ என்று அதற்குப் பொருள். நான் தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன பாடம் இது: 'கட்சிக்காரனுக்குத் தவணையை மட்டும் சொல். மிச்சத்தைச் சொன்னால் குழம்பிப்போவான்.' ஒருநாளும் நான் அதை மீறியதில்லை. என் அப்பா ஒரு சேலையை விற்பதற்கு அரைமணி நேரம் விரித்துக் காட்டி விளக்கியதைக் கடையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். ஒருவருடைய காணியைப் பற்றி ஒன்பது வருடத்தில் அரை நிமிடம் விளக்கவில்லை.

தலைவரிடம் திரும்பினேன். "மன்னிக்க வேண்டும் ஐயா. நான் பெயர்த்தது முழுமையல்ல. மறுபடியும் சொல்கிறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தனார், கசிப்பு, மாற்றுச் சேலை, துவாய், சவுக்காரம், மகள். 'தவணை சொல்லிவிட்டு ஓடிவிடுவார்' என்பதையும் சொன்னேன். வித்திகாரி என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் மருதாயி சரி என்பது போலத் தலையை ஆட்டினார். முடித்துவிட்டு, நிறுத்தாமல் அதே மூச்சில் சொன்னேன்: "அந்தச் சட்டத்தரணி நான்தான்."

சிங்களத்தில் சொன்னதைத் தமிழிலும் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போது பேசியது யார்? மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா?"

"இரண்டும் ஒரே ஆள்தான், ஐயா."

காலையில் கூண்டைத் தேடிய தொப்பிக்காரர் எழுந்து, இரு கைகளையும் தூக்கிக் கத்தினார்: "மாட்டிக்கிட்டாங்கப்பா! வந்தது வீண் போகல!"

அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நானா தேநீர்த் தட்டோடு சிரித்ததில் பாதி கீழே கொட்டியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் ஓட, மேடையில் நின்றபடி நானும் சிரித்தேன். மருதாயி மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து என் கையைப் பிடித்தார்.

"அப்ப நான் செயிலுக்குப் போவேனா, மாட்டேனா? இப்பவாவது சொல்லுங்க."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நேரம் இருக்கிறது என்பது போலக் கையைக் காட்டினார்.

மேடை விளிம்பில் இருவரும் உட்கார்ந்தோம். "மருதாயிம்மா, நீங்க ஒரு குற்றமும் செய்யல. அந்த நிலத்தில இருபத்திரண்டு பேருக்குப் பங்கு இருக்கு. யாருக்கு எந்தத் துண்டுன்னு பிரிச்சுக் குடுங்கன்னு அதுல ஒருத்தர் வழக்குப் போட்டிருக்கார். மற்ற எல்லாரையும் வித்திகாரன்னுதான் எழுதணும். அது பேரு மட்டுந்தான். உங்களுக்குச் சேர வேண்டிய துண்டை உங்களுக்குக் குடுக்கத்தான் கூப்பிடறாங்க. யாரும் உங்கள உள்ள போட முடியாது."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபின்னும் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, ஒம்பது வருசம் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே லோயரம்மா!"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியமாகச் சொன்னார். அவர் கையை விடாமல் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க, இனிமே தூங்கிக்கறேன்" என்றார். அப்போதுதான் அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது. வெற்றிலைக் கறை படிந்த, பல் இரண்டு குறைந்த, முழுச் சிரிப்பு.

தலைவர் என்னைப் பெயர்க்கச் சொல்லி அவரிடம் நேராகக் கேட்டார், எந்த விதியை எழுதினால் உங்களைப் போன்றவர்களுக்கு உதவும் என்று. மருதாயி யோசிக்கவே இல்லை. ஒன்பது வருடமாக யோசித்து வைத்திருந்தார் போல.

"லோயரு கோட்டக் கழட்டறதுக்கு முன்னால மூணு விசயம் சொல்லணுங்க. இன்னைக்கு என்ன நடந்துச்சு? அடுத்து என்ன நடக்கும்? நான் பயப்படணுமா, வேணாமா? இந்த மூணையும் எனக்குப் புரியற பாசையில சொல்லணும்."

சீனியர் எழுந்தார். பழக்கம் விடுமா? "பயம் என்பது சட்டச் சொல் அல்ல. விளைவுகள் என்று எழுதலாம்" என்றார் சிங்களத்தில். அதை மருதாயிக்குப் பெயர்த்தேன்.

"வெளைவுன்னா வெளச்சலுங்க. நான் மரக்கறித் தோட்டத்தப் பத்தியா பேசறேன்? பயம்னே போடச் சொல்லுங்க."

சீனியர் வாதத்தில் தோற்று உட்கார்ந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சில மாதங்கள் கழித்துத் திருத்திய வரைவு வெளிவந்தது. இம்முறை தமிழும் ஒழுங்காக வந்திருந்தது. அதில் இப்படி ஒரு பந்தி: 'ஒவ்வொரு தவணையின் பின்னரும், அன்று நடந்ததையும் அடுத்து நடக்கவிருப்பதையும் அதன் விளைவுகளையும், கட்சிக்காரர் அஞ்ச வேண்டியது ஏதேனும் உண்டா என்பது உட்பட, அவருக்கு விளங்கும் மொழியில் சட்டத்தரணி எடுத்துரைத்தல் வேண்டும்.' நான் இதை எழுதும்வரை அது வரைவாகவே இருக்கிறது. அது விதியாகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கூட்டத்துக்குப் பிறகு அந்த வழக்கின் முதல் தவணை வந்தது. நீதிமன்றம் முடிந்ததும் நான் வெளியே வந்து, படிக்குப் பக்கத்தில் இருந்த சிமெந்து வாங்கில் உட்கார்ந்து மருதாயியைக் கூப்பிட்டேன். அவர் தனியாக வரவில்லை. கூடவே சாரம் உடுத்திய ஒரு சிங்களப் பெரியவர்.

"இவரு அப்புஹாமி ஐயா. நம்ம கேசுல ஒம்பதாவது வித்திகாரரு. ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வருவோம், ரொட்டியப் பங்கு போட்டுத்தான் சாப்புடுவோம். இவருக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலையாம். தான் ஏதோ சாட்சின்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. இவருக்கும் சொல்லுங்க."

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இன்னொரு சட்டத்தரணியின் கட்சிக்காரரிடம் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. அது பழைய விதி, நல்ல விதியும்கூட. அதை மருதாயிக்கு விளக்கினேன். இவர் என் கட்சிக்காரர் இல்லை, உங்களுக்கு மட்டும்தான் நான் சொல்லலாம் என்றேன்.

மருதாயி அப்புஹாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் வசதியாக உட்கார்ந்தார்.

"சரிங்க. எனக்கு மட்டுமே சொல்லுங்க. ஆனா சிங்களத்துல சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க. எனக்குத் தமிழ் அவ்வளவா வெளங்காது."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். அவர் கண் இமைக்கவில்லை. கட்சிக்காரர் தமக்கு விளங்கும் மொழி என்று எதைச் சொல்கிறாரோ, அதில் சொல்வதுதான் என் கடமை. தொண்டையைச் செருமிக்கொண்டு, என் கட்சிக்காரரான மருதாயிக்கு, அவர் ஒருவருக்கு மட்டுமே, சிங்களத்தில் உரக்க விளக்கத் தொடங்கினேன். அப்புஹாமி மரத்தில் இருந்த காகத்தைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நான்காம் பிரதிவாதி செருப்பு வாரைச் சரிசெய்ய எங்கள் பக்கத்தில் குனிந்தார். பதினோராம் பிரதிவாதி குடையை விரித்துப் பார்த்து மடக்கினார். பாதி சொல்லி முடிக்கும்போது, எங்களைப் பார்க்காத ஒன்பது பத்துப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

அப்புஹாமிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. காகத்தைப் பார்த்தபடியே மருதாயியின் முழங்கையை இடித்து, "அஹன்ன, அஹன்ன" என்றார். கேள், கேள் என்று.

"லோயரம்மா," என்றார் மருதாயி, தன் வாழ்நாளில் பேசிய மிக மோசமான சிங்களத்தில், "எனக்கு ஒரு சந்தேகம். எங்க ஒம்பதாவது துண்டுக்குப் பாதை எந்தப் பக்கம் வரும்?"